ஹாட்ஸ்பாட்டில் இருந்த பெயர்

ஸ்ரீவில்லிபுத்தூர் பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில் யுவராணி பால்கோவா கடை வைத்திருந்தாள். அவளோடு கல்லூரியில் படித்த மாரிச்செல்விக்கு அங்கேதான் வேலை. வெளியூர் ஆர்டர்களை லேப்டாப்பில் ஏற்றி, முகவரிச் சீட்டு அச்சடித்து, பெட்டிகளைப் பார்சல் வேனில் அனுப்பிவைப்பாள். தினமும் ராஜபாளையத்திலிருந்து பஸ்ஸில் வந்துபோனாள்.

அன்று காலை குழாய் பதிக்கத் தெருவைத் தோண்டியவர்கள் இன்டர்நெட் கேபிளை அறுத்துவிட்டார்கள். பார்சல் வேனோ வாசலில் வந்து நின்றுவிட்டது. எப்போதும் வரும் பெலிக்ஸுக்குக் காய்ச்சலாம், வேறு டிரைவர் வந்திருந்தான். சீட்டு ஒட்டாமல் ஒரு பெட்டியைக்கூட ஏற்ற முடியாது.

"உன் போனுல ஹாட்ஸ்பாட்டப் போடேன்ட்டி" என்றாள் யுவராணி.

மாரிச்செல்வி அதைப் பயன்படுத்தி வருஷக்கணக்காகிவிட்டது. போட்டாள். லேப்டாப்பில் அவள் போன் பெயர் தெரிந்தது, பாஸ்வேர்டையும் கேட்டது. ஆனால் செத்த நேரம் சுற்றிவிட்டு, இணைக்க முடியவில்லை என்று நின்றது. பாஸ்வேர்டை மறுபடி அடித்தாள். போனை அணைத்துப் போட்டாள். பழைய லேப்டாப்புக்கு அலைவரிசை ஒத்துவராதோ என்று அதையும் மாற்றிப் பார்த்தாள். ஒன்றுக்கும் அசையவில்லை.

"கொண்டா இங்க" என்று யுவராணி போனை வாங்கித் தடவினாள். "ஏட்டி, ஒரு ஆளுக்கு மேல சேர விடாம நீயேல்ல வச்சிருக்க! அந்த ஒரு எடத்துலயும் ஏற்கெனவே ஒருத்தன் ஏறி உக்காந்திருக்கான். அவன் ஓசியில நெட்டுப் பாத்தா லேப்டாப்புக்கு எப்படிக் கெடைக்கும்?"

"ஒருத்தனா? யாரு?"

"என்னமோ... சிப்பாய் சமுத்திரமாம்."

மாரிச்செல்வியின் கையிலிருந்த சீட்டுச் சுருள் தரையில் உருண்டு ஓடியது.

சமுத்திரம் அவள் தம்பி. வீட்டில் இருந்தவரை அவள் ஹாட்ஸ்பாட்டில்தான் நெட் பார்ப்பான், பாஸ்வேர்டு அவன் போனில் பதிந்தே இருந்தது. சில வருஷத்துக்கு முன், பட்டாளத்தில் எடுத்துவிட்டார்கள் என்று அவன் சொன்ன அன்றைக்குத் தன் போனுக்கு அவனே வைத்துக்கொண்ட பெயர் அது. அப்பா இருளப்பசாமி ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். தெருமுனையில் பிளெக்ஸ் வைத்து, கிடா வெட்டி மகனை வழியனுப்பினார். போனவன் எந்த முகாமிலும் போய்ச் சேரவில்லை. சில மாதம் கழித்து, திண்டுக்கல் பக்கம் ஒரு பாழுங்கிணற்றில் பிணம் கிடைத்திருப்பதாகப் போலீஸ் கூப்பிட்டது. முகம் சிதைந்திருந்தது. எப்படிச் செத்தான் என்றும் தெரியவில்லை. மகன் போட்டுப்போனது போலவே நீலக் கட்டம் போட்ட சட்டையைப் பார்த்து, "எம்மகன்தான்" என்றார் அப்பா. வீட்டுக்குக் கொண்டுவந்து எரித்தார்கள். போன் மட்டும் கிடைக்கவே இல்லை.

"மாரி, என்னட்டி ஆச்சு?"

"அது தம்பி போனு."

யுவராணி குரலைத் தாழ்த்தினாள். "அவன... கொன்னவன் எவனாச்சும் எடுத்திருப்பானோ?"

மாரிச்செல்விக்கும் அதுதான் தோன்றியது. ஹாட்ஸ்பாட் எட்டும் தூரம் கொஞ்சம்தான். அந்தப் போன் இந்தக் கடையிலோ வாசலிலோதான் இருக்க வேண்டும். கடையில் இரண்டு பெண்கள் பால்கோவா வாங்கிக்கொண்டிருந்தார்கள். எதிரே ஒரு கிழவர் பேப்பர் படித்தார். வேனுக்குள் டிரைவர் போனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் ஹாட்ஸ்பாட்டை அணைத்தாள். வேனில் இருந்தவன் போனைத் தட்டினான், தூக்கி ஆட்டினான். மறுபடி போட்டாள். அவன் சாய்ந்து உட்கார்ந்து சிரித்தபடி பார்க்கத் தொடங்கினான்.

யுவராணி தடுக்குமுன் அவள் வாசலுக்குப் போய்விட்டாள். வேன் ஜன்னலுக்குள் கையை விட்டுப் போனைப் பிடுங்கினாள்.

"இந்தப் போனு ஏதுல உனக்கு? சொல்லுல!"

தாடியும் தொப்பியுமாக இருந்தவன் திரும்பினான். அவள் முகத்தைப் பார்த்தான்.

"அக்கா" என்றான்.

குரல் மாறவே இல்லை. மாரிச்செல்வி வேன் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"ஓட்டத்துல தேறுனதுமே எடுத்துட்டாகன்னு சொல்லிட்டேன். கடைசில செலக்சன் ஆகலக்கா. மெடிக்கல்ல காது சரியில்லன்னு தள்ளிட்டாக. அதுக்குள்ள அப்பா பிளெக்ஸு வச்சிட்டாரு. சொல்ல வாய் வரல. திருப்பூர் போயிட்டேன், பார்சல் வேன் ஓட்டுதேன். இன்னைக்கும் இந்தப் பக்கம் வர மாட்டேன்னுதான் சொன்னேன், ஆளு இல்லன்னு ஓனர் அனுப்பிட்டாரு. இது நீ வேல பாக்குத கடைன்னு எனக்குத் தெரியாதுக்கா."

"ஏலே, நீ செத்துட்ட."

"என்னக்கா சொல்லுத?"

"உன்னை எரிச்சாச்சு. அப்பா கையால கொள்ளி வச்சாரு. ராமேஸ்வரத்துல அஸ்தி கரைச்சோம். அம்மா இன்னும் ஒரு கல்யாண வீட்டுக்குப் போகல."

அவன் தொப்பியைக் கழற்றினான். "யாரக்கா எரிச்சீய?" என்று கேட்டான்.

அந்தக் கேள்வி அதுவரை அவளுக்குத் தோன்றவே இல்லை.

யுவராணி வேன் கம்பெனிக்குப் பேசிச் சமாளித்தாள். மத்தியானம் அக்காவும் தம்பியும் ராஜபாளையத்து வீட்டில் இறங்கினார்கள். சுவரில் மாலை போட்டிருந்த தன் படத்தைப் பார்த்துச் சமுத்திரம் வாசலிலேயே நின்றுவிட்டான். அம்மா சந்தனம் அடுப்படியிலிருந்து வந்தாள். கத்தவில்லை. கிட்டே வந்து அவன் தாடியை, காதை, தோளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். பிறகு ஓங்கி ஒரு அறை விட்டு, அடித்த கையாலேயே கட்டிக்கொண்டு தரையில் சரிந்தாள்.

அப்பா நாற்காலியை விட்டு எழவில்லை.

"மெடிக்கல்ல தள்ளுனா தள்ளட்டும். வீட்டுக்கு வந்திருக்கலாம்லல?" என்றார். அவ்வளவுதான் கேட்டார். திடீரென்று நெஞ்சைப் பிடித்தார். மாரிச்செல்வி பதறி ஓடினாள்.

"எனக்கு ஒண்ணுமில்ல தாயி. நாம எரிச்ச அந்தப் பய இடுப்புல ஒரு தாயத்து கெடந்துச்சு. நம்ம கட்டுனது இல்லியேன்னு நெனச்சேன். பொறவு எங்கயாச்சும் கட்டிருப்பான்னு விட்டுட்டேன். அவனப் பெத்தவ எங்க தேடுதாளோ! சட்டைய எடு, ஸ்டேஷனுக்குப் போறேன்."

"சாப்பிட்டுப் போங்களேன்" என்றாள் அம்மா.

"அந்த வீட்டுல சோறு எறங்குமா?" என்றபடி அவர் செருப்பை மாட்டினார். சமுத்திரமும் பின்னாலேயே போனான்.

போலீஸ் பழைய கோப்பைத் திறந்தது. தாயத்து அங்கேயே பத்திரமாக இருந்தது. சில வாரங்களில், வேடசந்தூர்ப் பக்கத்து அங்காளம்மாள் என்பவள் அதைப் பார்த்துத் தன் மகனுடையது என்றாள். கிணறு வெட்டும் வேலைக்குப் போய்த் திரும்பாதவன். அவள் ராஜபாளையத்துக்கு வந்தபோது இருளப்பசாமி அவள் காலில் விழப்போனார். அவள் விலகிக்கொண்டாள்.

"கேட்பாரத்துப் போகாம நீங்களாச்சும் கொள்ளி வச்சீகளே" என்றாள். பிறகு, "எங்க கரைச்சீக?" என்று கேட்டாள்.

மறுநாள் எல்லாரும் ராமேஸ்வரம் போனார்கள். வேனைச் சமுத்திரம் ஓட்டினான். கடற்கரையில் ஐயர், "பேர் சொல்லுங்கோ" என்றபோது அங்காளம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இருளப்பசாமிதான் அவளுக்காகச் சொன்னார்.

"சங்கையா."

சமுத்திரம் வேனை விட்டு இறங்கவில்லை. மாரிச்செல்வி போய்க் கூப்பிட்டாள். "என் பேருல எரிஞ்சவன்க்கா. நான் எப்படி அங்க வந்து நிக்க?" என்று அவன் முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டான்.