முப்பத்திரண்டரை அங்குலம்

தனபால் சாரின் பங்களாவில் நான் வேலைக்குச் சேர்ந்து பதினோரு மாதம் ஆகியிருந்தது. வாசலூர்பட்டி ஏரிக்கு மேலே, மிளகுக் கொடி ஏறிய மரங்களுக்கு நடுவே இருக்கிறது அது. சாருக்கு நாமக்கல்லில் கோழிப்பண்ணை. வழக்கமாகச் சனி, ஞாயிறுதான் மலைமேல் வருவார். பெருக்குவது, துடைப்பது, டீ போடுவது என் வேலை. நாலரைக்குக் கிளம்பி செம்மேட்டுக்கு மாலைத் தையல் வகுப்புக்குப் போய்விடுவேன். கலைச்செல்வி டீச்சரின் முதல் விதி, அளந்ததை அளந்த இடத்திலேயே எழுத வேண்டும் என்பது: பெயர், தேதி, அளவு. அந்த அளவு நோட்டின் பின்பக்கங்களில்தான் நாட்குறிப்பும் எழுதிவந்தேன். நடந்ததை வரிசையாக எழுதினால் என் தப்பு எந்த இடத்தில் என்று தெரிந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை.

ஹாலில் சோபாவுக்கு மேலே ஒரு பலகையில் கடமான் கொம்பு மாட்டியிருந்தது. வேட்டைத் தடைச் சட்டம் வருவதற்கு முன்னால் சாருடைய தாத்தா சுட்டதாம். அதற்கு வனத்துறை கொடுத்த சான்றிதழை லேமினேட் செய்து பீரோவில் வைத்திருந்தார். மாசி மாதம் வந்த பல் டாக்டர் நண்பர் ஒருவர் அதை அண்ணாந்து பார்த்தார்.

"என்ன தனபாலு, வெள்ளாட்டுக் கொம்பாட்டம் இருக்குது?"

அன்றைக்கு சார் சரியாகச் சாப்பிடவில்லை.

அதற்கடுத்த பத்து நாளும் கலைமணி அண்ணன் காட்டோரத்தில் ஒரே இடத்தில் உப்புக்கல் வைத்துவந்தார். எங்கள் மலையிலேயே குண்டூர் நாட்டுக்காரர், சாருக்கு வழி காட்டுவதும் துப்பாக்கி தூக்குவதும் அவர்தான். அந்த வாரம் முழுக்க மேலேயே தங்க வந்திருந்த சார், பதினோராம் நாள் காலையில் வேட்டைக்குப் போனார். ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அதன்மேல் போட ஒரு மெத்தை, பிளாஸ்கில் டீ. மெத்தையைச் சுமந்துபோய்ப் போட்டுவிட்டு வந்தது நான். உப்பை நக்கப் பழகிவிட்ட மானை, மெத்தையில் உட்கார்ந்து சுடுவதற்குப் பெயர் வேட்டை.

சமையலறையிலிருந்து நான்கு வெடிச் சத்தம் கேட்டேன். மத்தியானம் சார் டாக்டரிடம் போனில் சொன்னார்: "ஒரே தோட்டா. அது சுருண்டு உழுந்துருச்சு."

மான் சுருண்டு விழவில்லை. பின்னங்கால் உடைந்து, ஓடையைத் தாண்டி, செல்லமுத்து மாமாவின் மரவள்ளிக் குச்சிக்கிழங்குக் காட்டுக்குள் போய்த்தான் விழுந்தது. கலைமணி அண்ணன் கொடுவாளால் முடித்தாராம். அவரே என்னிடம் சொன்னார். சொல்லும்போது கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

செல்லமுத்து மாமா என் அம்மாவின் தம்பி. எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு: காட்டு உயிர் யாருடைய நிலத்தில் விழுகிறதோ அந்த வீட்டுக்கு ஒரு பங்கு போக வேண்டும். வாங்க மறுப்பது, கொடுத்தவனைத் திருடன் என்று சொல்வதற்குச் சமம். வாங்கிவிட்டால், கொடுத்தவர் பெயரை யாரிடமும் சொல்லக் கூடாது. கலைமணி அண்ணன் பங்கைக் கொண்டுபோய்க் கொடுத்தார். மாமா வாங்கிக்கொண்டார். இரண்டு பேரும் செய்ய வேண்டியதைச் செய்ததாகவே நினைத்தார்கள்.

சார் கறியைத் தொடவில்லை. "நான் திங்கறதுக்குச் சுடறவன் இல்லம்மா" என்று பெருமையாகச் சொன்னார். தின்னாமல் கொல்வது எப்படி உயர்ந்ததாகிறது என்று பஸ்ஸில் போகும்போதெல்லாம் யோசித்தேன். எனக்கு அறிவு போதவில்லை.

கொம்பைச் சுத்தம் செய்த அன்றைக்கு என்னைக் கூப்பிட்டார். "ஏம்மா சுகுணா, டேப்பு வெச்சிருப்பியே. அளந்து சொல்லு."

ரவிக்கையில் கைக்குழி வளைவை அளப்பது போல வளைவோடு டேப்பைப் போட்டேன். இரண்டு தடவை அளந்தேன். முப்பத்திரண்டரை அங்குலம். வழக்கப்படி நோட்டை எடுத்தேன்.

"எழுதிக்கோ, எழுதிக்கோ. எம்பேர்லயே எழுது" என்றார்.

மாமாவின் மனைவி பாவாயி அத்தையின் ரவிக்கை அளவுக்குக் கீழே எழுதினேன். பெயர்: தனபால் சார். நீளம்: 32½. தேதியும் போட்டேன். பழைய கொம்பைப் பலகையிலிருந்து கழற்றி ஜெனரேட்டர் ரூமில் போட்டுவிட்டு, புதியதை அதே ஆணிகளில் முடுக்கினார்கள். பலகையும் சான்றிதழும் தாத்தாவுடையவை. கொம்பு மட்டும் அந்த வாரத்தது.

வேட்டை முடிந்த நான்காம் நாள் கிழங்குக் காட்டில் ரத்தக்கறையைப் பார்த்த ஃபாரஸ்ட் கார்டு, மாமாவின் அடுப்புக்கு மேலே காய்ந்துகொண்டிருந்த கறியையும் பார்த்துவிட்டார். யார் கொடுத்தது என்று கேட்டதற்கு மாமா வாயைத் திறக்கவில்லை. ரேஞ்சு ஆபீசில் உட்கார வைத்தார்கள். மறுநாள் கோர்ட்டில் நிறுத்தி ஜெயிலுக்கு அனுப்பப்போவதாக அத்தை வந்து அழுதாள்.

"பேரைச் சொல்லுங்கன்னு காலைப் புடிச்சுப் பாத்துட்டேன் கண்ணு. சோத்தைத் தின்னுட்டு எலையில துப்பச் சொல்றியான்னு கேக்கறாரு."

எனக்குத் தெரியும் என்று அவளிடம் சொல்லவில்லை. வேலை போய்விடும் என்ற பயம்தான், வேறொன்றும் இல்லை. தவிர, மாமா ஒன்றும் புத்தர் அல்ல. கிழங்கைத் தோண்டிய பன்றிகளை அவர் என்ன செய்தார் என்று எனக்குத் தெரியும். அவரே சுட்டிருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்குமா? இதையும் எழுதிப் பார்த்தேன்.

அன்று மூன்று மணிக்கு வனவர் மாணிக்கம் பங்களாவுக்கு வந்தார். சார்தான் வரச் சொல்லியிருந்தார். செல்லமுத்துவின் காட்டுப் பக்கம் வெடிச் சத்தம் கேட்டதாகச் சாட்சி சொல்லப்போகிறாராம். நான் டீ கொண்டுபோனபோது சார் பேசிக்கொண்டிருந்தார்.

"வேட்டைக்குன்னு ஒரு ஒழுக்கம் இருக்குதுங்க. எங்க தாத்தா காலத்துல பெட்டையைச் சுட மாட்டாங்க, குட்டியைச் சுட மாட்டாங்க. இவனுங்களுக்கு அதெல்லாம் என்னங்க தெரியும்? வயித்துக்குக் கொல்றவனுங்க. காடே இவனுங்களாலதான் அழியுது."

மாணிக்கம் எழுதிக்கொண்டார். எழுதி முடித்து அண்ணாந்து பார்த்தார். "இதுக்குப் பேப்பர் இருக்குதுங்களா? சும்மா, கேக்கோணும்ல."

சார் சந்தோஷமாகச் சான்றிதழை எடுத்துவந்தார். மாணிக்கம் படித்தார்: "கடமான், ஒரு ஜோடி, இருபத்தஞ்சு அங்குலம். சரிங்க." திருப்பிக் கொடுக்கக் கையை நீட்டினார்.

அந்த நேரத்திலும் எனக்குச் சந்தேகம்தான். டேப்பை நேராகப் பிடித்தேனா, வளைவோடு பிடித்தேனா? நான் அளந்த முதல் ரவிக்கை யாருக்கும் ஏறவில்லை. ஆனால் இரண்டு தடவை அளந்திருக்கிறேன்.

"ஏனுங்க சார், அது முப்பத்திரண்டரைங்க" என்றேன்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள். பையிலிருந்து டேப்பை எடுத்து மாணிக்கத்திடம் கொடுத்தேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு சோபாமேல் ஏறினார். அளந்தார். இறங்கவில்லை, மறுபடி அளந்தார்.

"முப்பத்திரண்டரைதான்."

"மழைக்காலத்துல ஈரம் ஏறுமுங்க" என்றார் சார். "கதவெல்லாம் உப்பறதில்லைங்களா, அந்த மாதிரி."

"இது பங்குனிங்க. செத்த மானுக்கு ஏழரை அங்குலம் கொம்பு வளந்துருக்குது. நானும் இருபத்தாறு வருசமா சர்வீஸ்ல இருக்கறேன்."

"அந்தப் புள்ளைக்கு அளக்கத் தெரியாதுங்க."

"இப்ப அளந்தது நானுங்க."

நோட்டைத் திறந்து காட்டினேன். சார் தன் பெயரைத் தானே படித்தார். அவர் சொல்லித்தான் எழுதினேன் என்றேன். பழைய கொம்பு ஜெனரேட்டர் ரூமில் இருப்பதையும் சொன்னேன். மாணிக்கம் இரண்டு ஜோடியையும் நான் துவைத்து மடித்து வைத்திருந்த படுக்கை விரிப்பில் சுற்றி ஜீப்பில் ஏற்றினார். நோட்டையும் வாங்கிக்கொண்டார். அதனால் இதைப் புது நோட்டில் எழுதுகிறேன்.

சாரைக் கூட்டிக்கொண்டு ஜீப் மலை இறங்கும்போது, எழுபது கொண்டை ஊசி வளைவில் எத்தனையாவதிலோ, அவருக்கு நெஞ்சு வலி வந்துவிட்டது. மான் நான்கு குண்டுக்குத் தாக்குப்பிடித்து ஓடையைத் தாண்டியது. இவர் ஒரு டேப்புக்கு விழுந்துவிட்டார். இப்போது ஆஸ்பத்திரியில் ஏசி ரூமில் இருக்கிறாராம், பல் டாக்டர் ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தாராம். கலைமணி அண்ணனுக்கு நெஞ்சு வலிக்க வசதியில்லை. சாருக்குத் துப்பாக்கி தூக்கியவர் என்று அன்று சாயங்காலமே பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அவர் பிடிபட்டதில் என் கையும் இருக்கிறது.

ஐந்து நாள் கழித்து மாமா ஜாமீனில் வந்தார். கறி வைத்திருந்த வழக்கு இருக்கிறது. வந்ததும் அத்தையிடம் கேட்டார்: "கலைமணி ஊட்டுக்குக் கெழங்கு அனுப்புனியா?" என்னிடம் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் நான்கு மீட்டர் வெள்ளைத் துணியோடு எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"வேலையும் போச்சு. சும்மாதானே இருக்கற? திங்கக்கெழமை கோர்ட்டு. ஒரு சட்டை தெச்சுக் குடு சாமி."

நிற்கவைத்து அளந்தேன். தோள் பதினேழு, நெஞ்சு முப்பத்து நாலு.

"துணி மிச்சமாகுதுங்க மாமா."

"மிச்சமில்லை. கலைமணிக்கு ஒண்ணு. அவனையும் அன்னைக்குத்தான் கூட்டியாராங்க."

"அவரு அளவு எங்கிட்ட இல்லீங்களே."

"எம்பட அளவே போடு."

அளக்காததை எழுத எனக்குக் கை வரவில்லை. கலைமணி என்று பெயரை எழுதினேன், தேதி போட்டேன். அளவுக்கு உரிய இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன். நாளைக்கு அவர் மனைவியிடம் போய் ஒரு பழைய சட்டை கேட்க வேண்டும். கதவைத் திறப்பாளா என்று தெரியவில்லை.