மூடி திறந்திருந்த இரண்டு நிமிடங்கள்

1

இந்தக் கதையை எழுதுவது பெருமையடித்துக்கொள்ளத்தான். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட்டால், பிற்பாடு நீங்கள் கண்டுபிடித்துச் சொல்லும் சிரமம் மிச்சம். என் அக்கா ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் பத்தொன்பது வருடமாக ரத்தம் பரிசோதிக்கிறாள். போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், துணி மடித்துக்கொண்டே, ஒரு லிப்ட் மெக்கானிக்கின் கணையத்தைப் பற்றிச் சொன்னாள். அவள் முடிப்பதற்குள் நான் பேனாவைத் தேட ஆரம்பித்தேன். பார்த்துவிட்டாள்.

"எழுதுறதா இருந்தா ஒழுங்கா எழுது. நான் பண்ணின தப்பையும் சேர்த்து எழுது. இல்லேன்னா எழுதவே எழுதாத."

தப்பை விட்டுவிட்டு எழுதுவதாகத்தான் இருந்தேன். பெருமையடிக்கிற கதையில் தப்புக்கு என்ன வேலை?

2

தொடக்கத்தை மூன்று முறை எழுதினேன்.

"கணையம் என்பது இரைப்பைக்குப் பின்னால் குறுக்காகப் படுத்திருக்கும், ஒரு சாணுக்கும் குறைவான நீளமுள்ள" (இது பாடப்புத்தகம். அக்காவுக்கே கொட்டாவி வரும்.)

"அந்த மெக்கானிக் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்த காலையில் வானம்" (வானத்தை எதற்கு இழுத்தேன்? அந்த ஆய்வகத்துக்கு ஜன்னலே கிடையாது.)

"என் அக்கா வாயாடி."

இது நிற்கும். வீட்டில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். பள்ளிக்கூடத்தில் பேசியதற்காக வகுப்புக்கு வெளியே நிறுத்தினால், வெளியே போவோர் வருவோரிடம் பேசுவாள். தப்பான எண்ணுக்குப் போன் செய்துவிட்டால் மன்னிப்புக் கேட்டு வைக்கமாட்டாள், எதிர்முனையில் இருப்பவர் வீட்டு நல்லது கெட்டதை விசாரித்துவிட்டுத்தான் வைப்பாள். அப்படிப்பட்டவள் வேலை செய்யும் மேசைக்கு மேலே, சுவரில், கையால் எழுதிய ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறது: "குழாயைத் திறந்தால் வாயை மூடு." நான் நேரில் பார்த்திருக்கிறேன். யார் எழுதியது என்று கேட்க வேண்டியதே இல்லை, அந்தக் கோணல் எழுத்து அக்காவுடையது. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடமே எழுதி ஒட்டினாளாம்.

3

காரணம் சொல்ல வேண்டும். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

சாப்பிட்டதைச் செரிக்கவைக்க நம் உடம்பு சில நொதிகளைச் சுரக்கிறது. கணையம் சுரப்பவற்றில் இரண்டு நமக்கு வேண்டும். அமைலேஸ் மாவுச்சத்தை உடைக்கும், லைபேஸ் கொழுப்பை உடைக்கும். இரண்டும் குடலுக்குப் போக வேண்டியவை, ரத்தத்தில் அவற்றுக்குப் பெரிய வேலை இல்லை. கணையம் வீங்கிப் புண்பட்டால் மட்டும் அவை ரத்தத்தில் ஏராளமாகக் கசியும். அதனால் கடும் வயிற்றுவலி என்று யாராவது வந்தால் ரத்தத்தில் இவ்விரண்டையும் அளக்கிறார்கள். தொட்டுப் பார்க்க முடியாத இடத்தில் உட்கார்ந்திருக்கிற உறுப்பு, அது ஒழுகுறதை வச்சுத்தான் அது நல்லா இருக்கா இல்லையான்னு சொல்லணும் என்பது அக்காவின் விளக்கம்.

[அடிக்குறிப்பாகப் போட வேண்டியது. பக்கத்தின் அடிவரைக்கும் யாரும் போவதில்லை என்பதால் இங்கேயே வைக்கிறேன். அமைலேஸ் கணையத்தில் மட்டும் ஊறுவதில்லை. நம் எச்சிலிலும் இருக்கிறது, ரத்தத்தில் இருப்பதைவிடப் பல நூறு மடங்கு. ரொட்டியை நெடுநேரம் மென்றால் இனிக்கிறதே, அது இதன் வேலைதான். லைபேஸ் அப்படியில்லை. எச்சிலில் அது கணக்கில் எடுக்கிற அளவுக்குக் கிடையாது. இதைத் தாண்டிக் குதித்தவர்கள் ஐந்தாம் பகுதியிலிருந்து திரும்பி வர வேண்டியிருக்கும்.]

4

லிப்ட் மெக்கானிக்கைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. ஒரு வரைவில் அவருக்கு மீசை வைத்தேன், அடுத்ததில் எடுத்துவிட்டேன். அக்காவும் அவரைப் பார்த்ததில்லை. அவளுக்கு அவர் ஓர் எண், மஞ்சள் மூடி போட்ட ஒரு குழாய்.

காலை ஒன்பது மணிக்கு வயிற்றுவலியோடு வந்தார். சர்ஜன் அமுக்கிப் பார்த்து, குடல்வால் வீங்கியிருக்கும் என்று நினைத்தார். ஆனால் வலி மேல்வயிற்றிலும் இருந்தது, ஸ்கேனிலும் ஒன்றும் தெளிவாகத் தெரியவில்லை. குடல்வால் என்றால் உடனே அறுக்க வேண்டும், வெடித்துவிட்டால் சீழ் வயிறு முழுக்கப் பரவும். கணையம் என்றால் அறுக்கவே கூடாது, வாய்வழியாக எதுவும் கொடுக்காமல் நரம்பில் நீர் ஏற்றிக் காத்திருக்க வேண்டும். கத்தியா, காத்திருப்பா? அந்த முடிவு ஆய்வகத்திலிருந்து வரும் இரண்டு எண்களில் இருந்தது.

ரத்தம் எடுக்கும் அம்மா குழாய்களைக் கொண்டுவந்து வைத்தார். அக்காவின் பல வருடச் சிநேகிதி. அக்கா மஞ்சள் மூடிக் குழாயை இயந்திரத்தில் வைத்தாள். உள்ளே உறைந்த இழை ஒன்று ஊசியை அடைத்துக்கொண்டது. இது தினம் நடப்பதுதான். மூடியைத் திறந்து, மெல்லிய மரக்குச்சியால் இழையைச் சுற்றி எடுக்க வேண்டும், இரண்டு நிமிட வேலை. அந்த இரண்டு நிமிடமும் அவளுடைய மாஸ்க் தாடையில் இருந்தது. குழாய்க்கு நேர்மேலே குனிந்தபடி, ரத்தம் எடுக்கும் அம்மாவிடம் அவள் [                    ] பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள்.

(அடைப்புக்குறிக்குள் என்ன என்று எனக்குத் தெரியாது. கேட்டால், "ஏதோ பேசினேன், விடுடா" என்கிறாள். ரேடியோ இப்படி மூன்றே வார்த்தையில் ஒரு பேச்சை முடித்து நான் கேட்டதில்லை.)

அமைலேஸ் 412 என்று வந்தது. நூறு வரை இருக்கலாம். லைபேஸை அளக்கும் மருந்து அன்று காலை தீர்ந்திருந்தது, புதியதை ஏற்றிச் சரிபார்க்க ஒரு மணி நேரம் ஆகும். வந்த எண்ணை அக்கா அனுப்பிவிட்டாள். சர்ஜன் பார்த்தார். கணையம் என்று முடிவு செய்து அறுவை அரங்கை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

5

ஒரு மணி நேரம் கழித்து லைபேஸ் வந்தது. 31. அறுபது வரை இருக்கலாம்.

இதை அப்படியே அனுப்பிவிட்டு அடுத்த குழாயைப் பார்த்திருக்கலாம். ஒன்று கூடி ஒன்று கூடாமல் இருப்பது எப்போதாவது நடக்கும். அக்கா அனுப்பவில்லை. வார்டுக்குப் போன் செய்து, கன்னம் வீங்கியிருக்கிறதா பாருங்கள், பொன்னுக்குவீங்கியாக இருந்தாலும் அமைலேஸ் ஏறும் என்றாள். கன்னம் சாதாரணமாக இருக்கிறது என்றார் நர்ஸ். இந்த இடத்தில் "அக்காவின் கண்கள் மெல்லச் சுவரில் இருந்த காகிதத்தை நோக்கி உயர்ந்தன" என்று எழுதி அவளிடம் படித்துக் காட்டினேன்.

"கண்ணெல்லாம் உயரலைடா. மாஸ்க் எங்க இருக்குன்னு கை தன்னால தடவிப் பாத்துச்சு" என்றாள்.

அதே சமயத்தில் எடுத்த ரத்தம் பச்சை மூடிக் குழாய் ஒன்றிலும் இருந்தது, வேறொரு சோதனைக்காக. அதை யாரும் திறக்கவில்லை. மாஸ்க்கை மூக்குவரை ஏற்றி, உதட்டை இறுக மூடிக்கொண்டு, அதை இயந்திரத்தில் வைத்தாள். பத்து நிமிடம். (இந்தப் பத்து நிமிடத்தை இரண்டு பக்கத்துக்கு எழுதியிருந்தேன், அவளுடைய இதயத்துடிப்பு, இயந்திரத்தின் முனகல் எல்லாம் போட்டு. கிழித்துவிட்டேன். பத்து நிமிடம் அவள் பேசாமல் இருந்தாள் என்றாலே எங்கள் வீட்டில் எல்லோருக்கும் புரியும்.)

அமைலேஸ் 64.

இங்கே கதையை வேறு மாதிரியும் முடித்திருக்கலாம். ஆய்வகத்தின் இன்சார்ஜ் அதைத்தான் சொன்னார். அந்த மாதக் கடைசியில் அவருக்கு ஓய்வு, அந்த நாற்காலி என் அக்காவுக்கு என்று பேச்சு முடிந்திருந்தது. இயந்திரக் கோளாறு என்று சொல்லிவிடு, இயந்திரம் வந்து மறுக்கவா போகிறது என்றார். நல்ல மனிதர். அவளுக்கு நல்லது நினைத்துத்தான் சொன்னார்.

அக்கா சர்ஜனைப் போனில் பிடித்தாள்.

"டாக்டர், அந்த அமைலேஸ் ரிப்போர்ட் தப்பு. கணையம் நல்லா இருக்கு."

"மெஷின் தகராறா?"

"மெஷின் நல்லாத்தான் இருக்கு. குழாய் திறந்திருக்கும்போது நான் பேசினேன். அதுல இருக்கிறது என் எச்சில்."

சர்ஜன் திட்டவில்லையாம். அறுவை அரங்கைத் திரும்பக் கூப்பிட்டார். உள்ளே குடல்வால் வெடிக்கிற நிலையில் இருந்ததாம், ஆனால் வெடிக்கவில்லை. நாலாம் நாள் மெக்கானிக் தன் காலால் நடந்து வீட்டுக்குப் போனார். என் அக்கா ஒருத்தி இருப்பதே அவருக்குத் தெரியாது. இன்று நீங்கள் ஏறி இறங்கிய லிப்ட் அவர் கை பட்டதாகவும் இருக்கலாம்.

தவறுகள் பதிவேட்டில் அக்கா நேரத்தையும் தன் பெயரையும் எழுதி, "மாதிரி திறந்திருந்தபோது பேசினேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். எண்ணை மட்டும் திருத்தினால் போதாதா, அதை வேறு எழுத வேண்டுமா என்று நான் சண்டைக்குப் போனேன்.

"எண்ணு தப்புன்னு மட்டும் எழுதினா என்ன பிரயோஜனம்? ஏன் தப்பாச்சுன்னு எழுதினாத்தானே அடுத்தவ அதையே பண்ணாம இருப்பா."

நாற்காலி வேறொருவருக்குப் போனது. அக்கா அதே மேசையில்தான் இருக்கிறாள். சுவரில் இருக்கும் காகிதத்தில் ஒரு வரி மட்டும் கூடியிருக்கிறது. "குழாயைத் திறந்தால் வாயை மூடு." அதற்குக் கீழே, பொடி எழுத்தில்: "எழுதியவளும்தான்."

இப்போது சொல்லுங்கள், நான் பெருமையடித்துக்கொள்ளலாமா கூடாதா?

6

கதை இங்கேயே முடிந்துவிட்டது என்று நினைத்தேன். ஆனால் அந்த அடைப்புக்குறி உறுத்திக்கொண்டே இருந்தது. [மகளின் பரீட்சை] என்று போட்டுப் பார்த்தேன். [மாடிக் குழாயில் தண்ணீர் வராதது] என்று போட்டேன். [பக்கத்து வீட்டுச் சண்டை]. எதுவும் ஒட்டவில்லை. பதினெட்டு வருடமாக, திறந்த குழாய்க்கு மேலே ஒரு தும்மல்கூடத் தும்மாதவள், மாடிக் குழாயைப் பற்றிப் பேசவா மாஸ்க்கை இறக்கியிருப்பாள்? எழுதுகிறவனான எனக்கே நம்பிக்கை வராத ஒன்றை உங்கள் தலையில் எப்படிக் கட்டுவேன்?

7

போன வாரம் என் சர்க்கரை அளவைப் பார்க்க அதே ஆய்வகத்துக்குப் போனேன். அக்காவுக்கு அன்று விடுப்பு. ரத்தம் எடுக்கும் அம்மாதான் என் கையைக் கட்டி ஊசி போட்டார். குழாயில் ரத்தம் நிரப்பி, மூடியை அழுத்திப் போட்டு, இரண்டு தடவை சரிபார்த்தார். அப்புறம்தான் பேசினார்.

"ரேடியோவோட தம்பிதானே நீங்க? கதை எழுதுறவர்?"

ஆமாம் என்றேன். கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தித்தான் சொன்னேன்.

"உங்க கதை ஒண்ணுக்குப் பரிசு கிடைச்சுதே, அது அன்னிக்குக் காலையிலதான் அவளுக்குத் தெரிஞ்சுது. என் தம்பி, என் தம்பின்னு கால் தரையில நிக்கல. அந்தக் கதையை எனக்குச் சொல்ல ஆரம்பிச்சா. கையில குச்சி, குழாய் திறந்திருக்கு, இவ பாட்டுக்குச் சொல்லிட்டிருக்கா. முடிவு வர்றதுக்குள்ள இழை குச்சியோட வந்துடுச்சு, மூடியைப் போட்டுட்டுப் போயிட்டா. அப்புறம் நடந்ததுதான் உங்களுக்குத் தெரியுமே. அந்தக் கதையை அவ திரும்ப எடுக்கவே இல்லை." பஞ்சை என் முழங்கையில் அழுத்திப் பிடிக்கச் சொன்னார். "முடிவு என்ன தம்பி?"

நான் எழுதிய கதை. முடிவை ஒன்பது தடவை திருத்தியவன் நான். பஞ்சைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து, வண்டி நிறுத்துமிடத்தில் நின்று அழுதேன். வெட்கமாக இருந்தது. அதே அளவுக்குப் பெருமையாகவும் இருந்தது, என்ன செய்ய?

8

தன் தப்பை ஊருக்கே எழுதச் சொன்னவள், அதில் என் பங்கை மட்டும் மறைத்துவிட்டாள். தெரிந்தால் நான் பேனாவைத் தொடமாட்டேன் என்று பயந்திருப்பாள். நாற்காலி போனதற்கு நான்தான் காரணம் என்று நானே எடுத்துப் போட்டுக்கொள்வேன் என்றும் அவளுக்குத் தெரியும். (எடுத்துப் போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.)

என் கதைகளை முதலில் படிப்பது அவள்தான். இதையும் வாங்கிப்போக இன்று சாயங்காலம் வருகிறாள். ஏழாம் பகுதியும் இந்த எட்டாம் பகுதியும் தனித் தாளில் இருக்கின்றன. அவற்றை உருவிவிட்டுக் கொடுத்தால், நான்காம் பகுதி அடைப்புக்குறி காலியாகவே இருக்கும், அவள் மறைத்தது மறைந்தபடியே இருக்கும், நிம்மதியாகப் படித்து முடிப்பாள். சேர்த்துக் கொடுத்தால், ஏன் தப்பாச்சு என்பதையும் எழுத வேண்டும் என்ற அவளுடைய சட்டப்படி இந்தக் கதை சரியாக இருக்கும். ஆனால் அவள் முகத்தை நான் எப்படிப் பார்ப்பது? அவள்தான் என் முகத்தை எப்படிப் பார்ப்பாள்?

கீழே படிக்கட்டில் அவள் குரல் கேட்கிறது. பக்கத்து வீட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். என் தம்பி புதுசா ஒண்ணு எழுதியிருக்கான் என்று அவரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். ரேடியோ என்பதால் நமக்கு இன்னும் பத்து நிமிடம் இருக்கிறது.

தாள்கள் என் கையில் இருக்கின்றன. வைக்கவா, எடுக்கவா? நீங்கள்தான் சொல்ல வேண்டும்.