ஊர்க்காரர் பங்கு

"அங்கயும் போய்க் கத்தாம வாங்க" என்று மேடான் நகரத்தில் பஸ் ஏற்றிவிடும்போதே மனைவி சொன்னாள். கத்தவா போகிறேன்? மன்னிப்புக் கேட்கப் போகிறேன். அதை அவளிடம் சொல்ல வாய் வரவில்லை.

தோபா ஏரிக்கரையில் அந்தச் சபைக்கு எட்டு வருஷம் போதகராக இருந்தேன். என் வாய்க்குப் பயப்படாத ஆள் கிடையாது. பாடகர் குழுவை நடத்திய ரோஸ்பிட்டா ஒருத்தனோடு ஓடிப்போய், வயிற்றில் பிள்ளையோடு தனியாகத் திரும்பினாள். சபைக்கு வெளியே தள்ளினேன். மறுபடி சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டு வந்தாள். அப்படி வருபவர் எல்லோர் முன்னாலும் நின்று இரண்டு கேள்விக்குப் பதில் சொன்னால் போதும், அதுதான் விதி. நானோ ஆராதனை முடியும்வரை நிற்க வைத்தேன், பாவி. அவள் அழவில்லை. அதற்குப் பிறகு பாடவும் இல்லை. அந்த ஞாயிறு என்னை அரித்துக்கொண்டே இருந்தது. இரண்டு வருஷத்தில் அங்கியைக் கழற்றிவிட்டு மேடானில் காப்பிக்கடை போட்டேன்.

இப்போது சபைக்கு நூறாவது ஆண்டு விருந்து, கோயில் முற்றத்தில். சாப்பாடு முடிந்து, மூப்பர் சாவுத் மைக்கைப் பிடித்துப் பன்றிக்கறிப் பங்குகளைப் பெயர் சொல்லிக் கொடுத்தார். எங்கள் வழக்கத்தில், ஒருத்தர் யார் என்பதை அவர் கைக்கு வரும் துண்டே சொல்லிவிடும். தாடை புதுப் போதகருக்குப் போனது. என்னைப் பார்த்ததும் சாவுத் திணறினார்.

"பழைய போதகருக்கு எந்தத் துண்டுப்பா?"

"விருந்தாளி பங்கைக் குடுங்க!"

"எட்டு வருஷம் நம்மளத் திட்டித் தீர்த்தவரு எப்படிய்யா விருந்தாளி ஆவாரு?"

கொல்லென்று சிரிப்பு. வழக்கு சூடுபிடித்தது. எனக்குக் காது எரிந்தது. எழுந்துபோய் மைக்கை வாங்கினேன்.

"எனக்குப் பங்கு வேணாம். ரோஸ்பிட்டா எங்க?"

அண்டா கழுவிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். தலை நரைத்திருந்தது.

"அன்னிக்கு உன்னை அவ்வளவு நேரம் நிக்க வெச்சது ஆண்டவர் இல்லம்மா. என் திமிரு. எல்லார் முன்னாடியும் செஞ்சேன், அதான் எல்லார் முன்னாடியும் கேக்கறேன். மன்னிச்சிடும்மா."

அவள் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"நான் ஒண்ணே கால் மணி நேரம் நின்னேன் ஐயா. எதிர்ச் சுவத்துக் கடிகாரத்தையே பார்த்துக்கிட்டு."

"நானும் நிக்கறேன்."

நின்றேன். வெயில் மண்டையைப் பிளந்தது. சாவுத் நாற்காலி கொண்டுவந்தார். "வெச்சிட்டுப் போய்யா!" என்று சீறினேன். பழக்கதோஷம். யாரும் வீட்டுக்குக் கிளம்பவில்லை. இவள் மன்னிக்காமலே போய்விட்டால் என்ற பயம் வெயிலைவிட அதிகமாகச் சுட்டது.

கால் மணி நேரம் போயிருக்கும். ரோஸ்பிட்டா கறிக் குவியலிடம் போய், ஒரு துண்டைப் பிளாஸ்டிக் பையில் போட்டு வந்து என் கையில் திணித்தாள்.

"போதும், உக்காருங்க. விழுந்து வெச்சா உங்களத் தூக்கறதும் நாங்கதான்."

"இது யார் பங்கும்மா?"

"ஊர்க்காரங்க பங்கு. விருந்தாளிக்குக் குடுக்கறதில்ல."

சாவுத்துக்குத்தான் முதலில் கண் கலங்கியது. பிறகு எனக்கு. முடிவுப் பாட்டை யார் தொடங்குவது என்று எல்லோரும் முழிக்க, ரோஸ்பிட்டாவே வாயைத் திறந்தாள். பன்னிரண்டு வருஷம் கழித்து வந்த குரல், கரகரத்தது, எடுத்த எடுப்பிலேயே உச்சிக்குப் போனது.

"சுருதி கூடிப்போச்சு!" என்றேன், என்னையறியாமல்.

பாட்டை நிறுத்தி என்னை முறைத்தாள். "குறை சொல்றத விட்டுட்டுக் கூடப் பாடுங்க ஐயா."

கறிப் பையை மடியில் வைத்துக்கொண்டு பாடினேன்.