நாலு டிசைன் கட்டி

சேவூர்ப் பக்கத்துக் கல்யாணப் பந்திகளில் கொஞ்ச காலமாக, பனியன் கம்பெனி முதலாளி அப்புசாமியின் மைத்துனன் சதீஷ்குமாரின் இதயம்தான் பேச்சு. ஒரே ஒரு ஸ்டென்ட்டை வைத்துக்கொண்டு, நெய் ஊற்ற வருகிறவரைக் கையால் மறித்து, "நமக்கு ஆகாதுங்க, ஹார்ட்டு" என்பான். நாலு பேர் இலையை மறந்து அவன் பக்கம் திரும்புவார்கள். அப்புசாமிக்கோ சர்க்கரை வியாதிகூடக் கிடையாது. எதைச் சொல்லிப் பெருமைப்படுவது?

ஆகவே, அப்புசாமியின் நுரையீரலிலிருந்து எடுத்த கட்டி சாதுவானதுதான், புற்று இல்லை என்று டாக்டர் சொன்னபோது, மனைவி தெய்வாத்தாள் கையெடுத்துக் கும்பிட்டாள். அவருக்கோ முகம் தொங்கிப்போயிற்று.

"ஆனா ரொம்ப அபூர்வம்ங்க" என்றார் டாக்டர். அப்புசாமி நிமிர்ந்தார்.

டாக்டர் மைக்ரோஸ்கோப் படத்தைக் காட்டினார். "மேல போர்த்தின மாதிரி ஒரு வகை செல், உள்ள உருண்டையா இன்னொரு வகை. விரல் விரலா ஒரு இடம், கெட்டியா ஒரு இடம், தழும்பாட்டம் ஒரு இடம், ரத்தக் குளமா ஒரு இடம். ஒரே கட்டியில நாலு டிசைன். பெரும்பாலும் பொம்பளைங்களுக்குத்தான் வரும்."

கடைசி வாக்கியத்தை மட்டும் ஆஸ்பத்திரியிலேயே விட்டுவிட்டு, படத்தைப் போனில் ஏற்றிக்கொண்டார் அப்புசாமி. ஸ்கிளிரோசிங் நியூமோசைட்டோமா என்ற அதன் பெயரைக் குளிக்கும்போதெல்லாம் சொல்லிப் பழகினார்.

அடுத்த முகூர்த்தப் பந்தியில், நெய் வருவதற்குள் போனை நீட்டிவிட்டு, யாராவது கேட்கட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டார்.

சதீஷ்குமார் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். "துணி பிரிண்ட் அருமைங்க மாமா. எந்த யூனிட்டுல போட்டீங்க?"

போன் பந்தி நெடுக நகர்ந்தது.

"சிவப்புச் சாயம் மட்டும் கசிஞ்சிருக்குதுங்க" என்றார் சாயப்பட்டறைக்காரர்.

"அது ரத்தமுங்க! என்னோட நுரையீரலுங்க!"

"எங்கிருந்து எடுத்தா என்னங்க?" என்றார் எக்ஸ்போர்ட் அங்கமுத்து. "எங்ககிட்ட வாங்கற வெளிநாட்டு பையர் இந்த ரோஸ் கலருக்குத்தான் அலையறான். எனக்கு மட்டும் குடுப்பீங்களா?"

அப்புசாமி வாயைத் திறந்தார். வியாதியின் பெயர் வரவேண்டிய இடத்தில், "எத்தனை டன் துணி எடுப்பீங்க?" என்று வந்துவிட்டது.

பேரம் சூடுபிடித்தது. கேட்க ஆளில்லாத சதீஷ்குமார் நெய்யை இரண்டு தரம் வாங்கிக்கொண்டான்.

"இதே மாதிரி இன்னும் ரெண்டு டிசைன் வேணுமுங்களே" என்றார் அங்கமுத்து.

எதிர்வரிசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த தெய்வாத்தாள் ரச டம்ளரைக் கீழே வைத்தாள். "இனி வராதுன்னு டாக்டரு சொல்லிப்போட்டாருங்க. இதுவே லேடீஸ் ஐட்டமாமுங்க. இவருக்கு எப்படியோ தப்பி வந்துருச்சுங்க."

அங்கமுத்து படத்தை இன்னொரு தரம் பார்த்தார்.

"அப்பச் சரிங்க. லெக்கின்ஸுல போட்டுக்கலாம்."