ஒட்டு மேல் ஒட்டு

ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு ஓடினான் சிட்டு. அதன் சக்கரங்களில் ஒன்று பிடிவாதமாகச் சுவர்ப் பக்கமே இழுத்தது. மேலே மல்லாந்து கிடந்த அக்கா, இல்லாத ஊசியில் இல்லாத நூலைக் கோத்துக்கொண்டிருந்தாள். அந்த விரல்களில் அவசரமே இல்லை.

"நூல் தொங்குது பாருடா," என்றாள். "வெள்ளை நூலு. கூரை பூரா. வெட்டி விடு."

கூரையில் டியூப் லைட்டுகள் மட்டும் வரிசையாகப் பின்னால் போய்க்கொண்டிருந்தன.

"வெட்டிட்டேன்க்கா."

"பிசிறு விடாம வெட்டுனியா?"

"விடாம வெட்டினேன்."

அவனுக்கு மூச்சு வாங்கியது. முப்பது வயதைத் தொடுவதற்குள் இதயத்துக்கு அறுபது வயதாகியிருந்தது. நாலு எட்டு ஓடினால் ஒரு துடிப்பை விழுங்கிவிட்டு அடுத்ததை இரண்டாகத் தரும். நீல நிறப் போதை மாத்திரை தந்த சீதனம். வானத்தில் பறக்கலாம் என்று தின்றுதான் சிநேகிதர்களிடம் 'சிட்டு' என்று பெயர் வாங்கினான். பறந்தது கொஞ்ச காலம். அப்புறம் முன்பற்கள் உதிர்ந்தன, கை நடுக்கம் வந்தது, ஞாபகத்தில் எலி கடித்த மாதிரி ஆங்காங்கே ஓட்டை விழுந்தது. மலை மேலிருந்த மறுவாழ்வு இல்லத்திலிருந்து நேற்றுதான் அக்கா அவனை வீட்டுக்கு அழைத்து வந்திருந்தாள்.

நேற்று தம்பி வந்தான். இன்று மதியம் அக்கா தையல் மெஷின் மேல் சாய்ந்து, செத்துப்போன அம்மாவோடு பட்டன் விலை பேசிக்கொண்டிருந்தாள்.

டாக்டரம்மா அக்காவின் இமையைத் தூக்கி டார்ச் அடித்தார். கண்ணில் நிறமே இல்லை, முழுக்கக் கருப்பு. வெளிச்சம் பட்டும் அது சுருங்கவில்லை. உடம்பு அனலாகக் கொதித்தது. ஒரு பொட்டு வியர்வை இல்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக் கிடந்தது.

"என்ன மருந்து எடுத்தாங்க?"

அக்கா புருஷன் முந்திக்கொண்டார். எலக்ட்ரீஷியன், வேலையைப் பாதியில் போட்டுவிட்டு வந்ததால் டெஸ்டர் இன்னும் சட்டைப் பையில் நின்றது. "தலைவலிக்குக்கூட மாத்திரை போடாதவ டாக்டர் அவ. எதைப் போட்டான்னு என்னைக் கேட்டா? இதோ நிக்கிறாரே மாப்பிள்ளை, இவரு நேத்துதான் வந்தாரு. நீங்களே கூட்டிக் கழிச்சுப் பாத்துக்குங்க."

"மாமா, நான் எதுவும்..."

"நீ பேசாத. நீ பேசினதை நம்பி நம்பித்தான் வீட்ல ஃபேன் மட்டும் ஓடுது, அதுக்குக் கீழ இருந்த டிவியை நீ வித்துத் தின்னாச்சு."

டாக்டரம்மா சிட்டுவைத் திரைக்கு இந்தப் பக்கம் அழைத்து வந்தார். குரலில் கடுமை இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"உன்னைப் பிடிச்சுக் குடுக்கிறது என் வேலை இல்லப்பா. பாத்தா உடம்பை வறள வைக்கிற மருந்து மாதிரி தெரியுது. உங்க பார்ட்டி மாத்திரையாவும் இருக்கலாம். ரெண்டுக்கும் பண்ற வைத்தியம் வேற வேற. ஊகத்துல ஒண்ணைக் குடுத்து அது மாறிப்போச்சுன்னா, ஏற்கெனவே தறிகெட்டு ஓடுற இதயத்தை நானே நிறுத்தின மாதிரி ஆயிடும். அது மட்டும் இல்ல, மருந்தோட வேகம் ஏறிக்கிட்டே போகுது. எங்கிருந்தோ இன்னும் உள்ள போயிட்டே இருக்கு. எதுன்னு சொல்லு."

"நான் குடுக்கல டாக்டர்."

"ஒத்துக்கடா," என்றார் மாமா. குரல் சட்டென்று உடைந்திருந்தது. "கால்ல விழட்டுமா? ஆமான்னு சொல்லு. அவ பொழைச்சா போதும். உன்னை ஒண்ணும் கேக்க மாட்டேன்."

சிட்டுவுக்கு நாக்கு நுனி வரை 'ஆமா' வந்தது. எத்தனையோ பொய்யை வாய் கூசாமல் சொன்னவன். இந்த ஒரு பொய்யைச் சொன்னால் எல்லோரும் நிம்மதியாக மூச்சு விடுவார்கள், அக்காவைத் தவிர.

ஆனால் சத்தியம் செய்யவும் முடியவில்லை. பழைய பேண்ட்டின் இடுப்பு மடிப்பில் மாத்திரையை வைத்துத் தைத்துக்கொள்ளும் பழக்கம் அவனுக்கு இருந்தது. அவன் துரும்பாக இளைத்திருந்ததால், நேற்று சாயங்காலம் அக்கா அந்தப் பேண்ட்டுகளைத்தான் பிரித்துச் சின்னதாக்கினாள். ஏதாவது கிடைத்து, ஏதோ என்று வாயில் போட்டிருப்பாளோ? ஒன்றையாவது விட்டு வைத்தானா? யோசித்துப் பார்த்தால் அந்த இடத்தில் ஓட்டைதான் இருந்தது. அவன் மூளையை அவனே நம்புவதில்லை. இல்லத்தின் கடைசி நாட்களில் மாடி ஜன்னலிலிருந்து பார்த்தால், கேட்டுக்கு வெளியே மரத்தடியில் ஒரு பெண் தெரிவாள். மடியில் மஞ்சள் குடை, குனிந்த தலை, ஏதோ தைத்துக்கொண்டே இருப்பாள். முகம் தெரியாது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால், இன்னும் தெளியவில்லை என்று வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள்.

"எனக்குத் தெரிஞ்சு நான் குடுக்கல," என்றான். "தெரியாததைத் தெரியும்னு சொல்ல மாட்டேன் மாமா. அவ உசுரு அது."

மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

திரைக்குள் அக்கா சன்னமாகப் பாடுவதுபோல் பேசிக்கொண்டிருந்தாள். கட்டிலைச் சுற்றித் துணி வெள்ளம் ஓடுகிறதாம், எல்லாம் நல்ல பருத்தியாம், கால் நனைகிறதாம். நர்ஸ் ஈரத்துணியால் நெற்றியைத் துடைக்க, அந்தத் துணியின் ஓரத்தைப் பிடித்துத் தையலைச் சோதித்தாள்.

"ஒட்டு விட்டுப்போயிடும்மா," என்றாள் அம்மாவிடம். "பழசைப் பிரிக்காத. அது மேலயே போடு. ஒட்டு மேல ஒட்டு போட்டாத்தான் உறுதி."

"பாவி," என்றார் மாமா. "இந்த நிலைமையிலயும் தையலு."

அக்கா கையைத் தூக்கி இடது காதுக்குப் பின்னால் தடவினாள். சிட்டுவுக்குத் தெரிந்த பழக்கம்தான். அளவு குறிக்கும் பென்சிலை அங்கேதான் செருகி வைப்பாள். நர்ஸும் ஏதோ அரிப்பு என்று கையை இறக்கி வைத்தாள். கை திரும்பவும் அங்கேயே போனது.

"ஒட்டு மேல ஒட்டு..."

பென்சிலைத் தேடுகிற கை துழாவும். இந்தக் கை துழாவவில்லை. தைத்து முடித்த இடத்தை நீவிவிடுகிற மாதிரி நீவியது.

சிட்டு கட்டிலருகே மண்டியிட்டு அவள் கொண்டையை அவிழ்த்தான். விரலில் ஏதோ வழுவழுப்பாகத் தட்டியது. மயிரை ஒதுக்கினான். காதுக்குப் பின்னால், தோல் நிறத்தில், வட்ட வட்டமாகச் சின்னப் பிளாஸ்திரிகள். ஒன்றின் ஓரத்தில் அடுத்தது, அதன் ஓரத்தில் இன்னொன்று. கோணலே இல்லாமல், தையல்காரி கைக்கே உரிய நேர்த்தியோடு.

"டாக்டர்."

டாக்டரம்மா குனிந்து பார்த்தார். "அட கடவுளே. பஸ்ல வாந்தி வராம இருக்க ஒட்டுறது. ஒண்ணு ஒட்டினா மூணு நாளைக்குத் தோல் வழியா மருந்து இறங்கும். புதுசு ஒட்டினா பழசை எடுத்துடணும். மூணையும் சேத்து வெச்சிருக்காங்க. சிஸ்டர், உரிச்சு எடுத்துட்டு அந்த இடத்தை நல்லா கழுவுங்க."

ஒவ்வொன்றாக உரிந்து வந்தது. மெடிக்கல் கடைக்காரர் 'பேட்ச்' என்று சொல்லிக் கொடுத்திருப்பார். அக்காவின் அகராதியில் அதற்கு ஒரே அர்த்தம்தான். ஒட்டு. கிழிசலில் போட்ட ஒட்டை எந்தத் தையல்காரி பிரிப்பாள்?

ஊசி ஏறியது, சலைன் ஓடியது. சாயங்கால வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலைக் கட்டிலில் நீளநீளமாக விரித்தபோது, அவள் நெற்றியில் முதல் வியர்வைத் துளி எட்டிப் பார்த்தது. மாமா அதைத் துடைக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தார்.

பிறகு மெதுவாகச் சிட்டு பக்கம் திரும்பினார். "டீ குடிக்கிறியா மாப்பிள்ளை?"

"வேணாம் மாமா."

"குடி. நான் சொன்னதை..." முடிக்கவில்லை. டெஸ்டரை எடுத்துப் பார்த்துவிட்டுப் பையில் செருகிக்கொண்டார். "ஆனா ஒண்ணு புரியல. மலை ரோட்டு வளைவுல அவளுக்கு வாந்தி வரும், சரி. உன்னைக் கூட்டிட்டு வர நேத்து ஒரே ஒரு நாள்தானே போனா? மூணு எதுக்கு? அதுக்கு முன்னால ரெண்டு நாளும் கஸ்டமர் வீட்ல ஆல்டரேஷன்னு காலையில போயிட்டு இருட்டினப்புறம்தானே வந்தா?"

சிட்டுவின் மனதில் ஒரு மஞ்சள் குடை மெதுவாக விரிந்துகொண்டிருந்தது.

அக்கா கண் திறந்தாள். கருப்பைச் சுற்றி மெல்லியதாக ஒரு பழுப்பு வளையம் திரும்பி வந்திருந்தது.

"அக்கா," என்றான் அவள் காதருகே. "உன் குடை எங்க?"

வறண்ட உதட்டை நனைத்துக்கொண்டாள். "அந்த மரத்தடியிலயே விட்டுட்டேன் போலிருக்குடா. ஜன்னல்ல நின்னியே, பாத்தியா?"

"உள்ள வந்திருக்கலாம்ல?"

"வந்தா வைத்தியம் முடியறதுக்குள்ள நீ என் கூடவே கிளம்பிடுவே." கண்கள் திரும்பச் சொருகின. குரல் மட்டும் தூக்கத்தின் விளிம்பில் நின்றது. "நீதானடா போன் பண்ணி அழுதே. கேட் திறந்துதான் கிடக்கு, பழைய இடத்துக்கே போயிடப் போறேன்னு."

அப்படி ஒரு போன் செய்ததாகச் சிட்டுவுக்கு இன்றுவரை ஞாபகம் இல்லை.

"அதான்," என்றாள், "வழியை மறிச்சு உக்காந்துட்டேன்."