கட்டிலடியில் ஓர் ஆர்கன் குழாய்

வாசலில் ஆள் குரல் கேட்டதும் மேரி செய்த முதல் காரியம், அப்பாவின் தலைமாட்டில் சாய்ந்திருந்த ஈயக் குழாயைக் காலால் கட்டிலடியில் தள்ளியதுதான். யார் வந்தாலும் அப்படித்தான். சின்ன வயதிலிருந்து பழகிய கால், சொல்லாமலே போய்த் தள்ளிவிடும்.

அந்தக் குழாய் செய்த வேலை கொஞ்சநஞ்சமல்ல. செங்கல்பட்டு ஏரிக்கரைக் கிறிஸ்தவக் கோயிலில் ஒரு காலத்தில் பைப் ஆர்கன் இருந்தது. சீமையில் செய்து கப்பலில் வந்தது. பீடத்துக்குப் பக்கத்தில் சுவரையே மறைத்துக்கொண்டு குழாய் குழாயாக நிற்கும். பின்னால் ஒருவர் நின்று துருத்தியை அழுத்த, முன்னால் மேரியின் அப்பா ஆசீர்வாதம் உட்கார்ந்து வாசிப்பார். அது முழங்கினால் ரயிலடியில் நிற்பவர்கள்கூடத் திரும்பிப் பார்ப்பார்களாம். சொல்கிறவர்கள் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள்.

யுத்த காலத்தில் ஆர்கன் காணாமல் போனது. கரையான் பிடித்துவிட்டது, ரிப்பேருக்கு மெட்ராஸ் போயிருக்கிறது என்றார் கோயில் செக்ரட்டரி. வருஷம் திரும்பியும் வரவில்லை. சபையார் நெருக்கியபோது, ஆசீர்வாதத்திடம்தான் அனுப்பச் சொன்னேன், சாவியும் அவரிடம்தானே இருந்தது என்று கையை விரித்துவிட்டார். வீட்டைச் சோதித்தார்கள். கட்டிலடியில் ஒரே ஒரு குழாய் கிடைத்தது. போதாதா? விற்றுக் குடித்துவிட்டார், போதையில் விழுந்துதான் மணிக்கட்டும் முறிந்தது என்று ஊரே பேசியது. நடந்ததைச் சொல்கிறேன் என்று எழுந்தவரை உட்காரச் சொன்னார்கள். செக்ரட்டரி ரைஸ்மில் முதலாளி. வாசிக்கிறவர் பேச்சை யார் கேட்பார்கள்? ஒற்றைக் குழாயை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அதை அங்கேயே போட்டுவிட்டுப் போனார்கள்.

அன்று மூடிய வாயை ஆசீர்வாதம் திறக்கவில்லை. கோயில் பக்கமும் போகவில்லை. மேரி டீச்சரானாள். அவளுக்கு வந்த இரண்டு சம்பந்தமும் இந்தக் குழாயில்தான் இடறி விழுந்தன. அப்பாவுக்குச் சோறு போட்டாள், மருந்து கொடுத்தாள், ஒரு குறை வைக்கவில்லை. ஆனால் குழாயைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்பதற்கு என்ன இருக்கிறது என்று நினைத்திருந்தாள்.

இப்போது, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தாறில், வெள்ளைத் தாடியோடு ஒரு பெரியவர் செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்தார்.

"கடப்பாக்கத்துலேர்ந்து வரேம்மா. ஜெயினுலாபுதீன்னு பேரு, பழைய சாமான் யாவாரம். ஆசீர்வாதம் ஐயா வூடு இதானே?"

கட்டிலில் படுத்திருந்த ஆசீர்வாதம் மெல்ல எழுந்து உட்கார்ந்தார். "தாடி அப்ப கறுப்பா இருந்துது," என்றார்.

பாய் நாற்காலியில் உட்காரவில்லை. "ஹஜ்ஜுக்குப் போறேன் ஐயா. யார் மனசயாவது நோவடிச்சிருந்தா, போறதுக்கு முன்னாடி கேட்டு மன்னிப்பு வாங்கிகினுதான் கப்பல் ஏறணும். அன்னிக்கி என் ஆளுங்க உங்கள வண்டியிலேர்ந்து இழுத்துத் தள்ளினாங்க. நான் பாத்துகினு நின்னேன். கை முறிஞ்சிது. அது உறுத்திகினே கீது."

"எந்த வண்டி?" என்றாள் மேரி.

"ஆர்கன் ஏத்துன வண்டிம்மா. பழைய ஈயமும் மரமும் கீது, வந்து எடுத்துக்கோன்னு செக்ரட்டரி ஐயா சொல்லி அனுப்பினாரு. யுத்த நேரம், ஈயம் எங்கயும் கெடைக்கல. மாட்டு வண்டி கட்டிகினு பின்வாசலுக்கு வந்தேன். அவரு கொடய புடிச்சிகினு நின்னு ஏத்தவுட்டாரு. உங்கப்பா எங்கேர்ந்தோ ஓடியாந்து லோடு மேல குப்புறப் படுத்துகினாரு. எறங்கவே மாட்டேன்னுட்டாரு. இழுத்துத் தள்ளினப்பகூட கட்டிப் புடிச்ச ஒரு கொழாய மட்டும் வுடல."

மேரி கட்டிலடியைப் பார்த்தாள்.

"மீதியெல்லாம் இன்னா ஆச்சி பாய்?" என்று கேட்டார் ஆசீர்வாதம். இத்தனை வருஷமும் அவர் தெரிந்துகொள்ள விரும்பியது அது ஒன்றுதான் போலிருக்கிறது.

"ஈயத்த உருக்கி மீன் வலைக்கு குண்டு ஊத்திட்டாங்க. கடப்பாக்கத்துலேர்ந்து மாமல்லபுரம் வரிக்கும் வலைங்கள்ல அதான் கட்டினாங்க. மரக்கொழாயெல்லாம் உப்பளத்துல தண்ணி பாய வச்சாங்க. ரொம்ப நாளு உழைச்சிது."

"தேக்கு. உழைக்கும்," என்றார் ஆசீர்வாதம், பெருமையாகவே. பிறகு, "விரல் மொத்தத்துல இருந்துதே, குட்டிக் கொழாயுங்க?"

"எல்லாத்தையும் ஒண்ணாதான் உருக்கினாங்க."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். அது வலித்தது. கண்ணைத் திறந்து, "மன்னிச்சிட்டேன் பாய். நல்லபடியா போய்ட்டு வா," என்றார்.

மேரி குறுக்கே வந்தாள். "இருங்க பாய். ஞாயித்துக்கெழமை கோயிலுக்கு வந்து, எல்லார் எதிர்லயும் இதே மாதிரி சொல்வீங்களா?"

"அதுக்கின்னாம்மா, வந்து சொல்றேன்."

"வாணாம்," என்றார் ஆசீர்வாதம்.

"ஏன்பா? இத்தினி வருசமா திருடன்னு பேரு."

"பேரு வச்சவன் போய்ச் சேந்துட்டான். அவன் கூட சேந்து பேசினவங்க பாதிப்பேரு கல்லறைத் தோட்டத்துல கீறாங்க, மீதிப்பேரு மறந்துட்டாங்க. இப்ப கீற பசங்களுக்கு அங்க ஆர்கன் இருந்துதுன்னே தெரியாது." அவர் முறிந்த மணிக்கட்டைத் தடவிக்கொண்டார். "அத இன்னும் நம்பிகினு இருந்தது ஒருத்திதான். அவ இப்ப காதால கேட்டுட்டா."

பாய்க்கு விளங்கவில்லை. "யாரு ஐயா அது?"

இல்லப்பா என்று சொல்ல மேரி வாயெடுத்தாள். வரவில்லை. முகமெல்லாம் எரிந்தது.

"நான்தான் பாய்," என்றாள்.

குனிந்து கட்டிலடியில் கைவிட்டுக் குழாயை இழுத்தாள். முந்தானையால் தூசியைத் துடைத்தாள். தெருவில் போகிறவர்கள் கண்ணில் படும்படி அதை ஜன்னலில் நிறுத்திவிட்டு, பாய்க்கும் அப்பாவுக்கும் டீ போட உள்ளே போனாள்.