ஆமென் சொல்லும்வரை

தட்டில் சாப்பாடு விழுந்த பிறகு, ஜெபம் முடிந்து ஆமென் சொல்லும்வரை அந்த விடுதி வீட்டில் யாரும் கண்ணைத் திறக்கக் கூடாது. அடிதடி வீடுகளிலிருந்து வந்து சேர்ந்த பெண்பிள்ளைகள்தான் எல்லாரும். வந்த வாரத்திலேயே பழகிவிடுவார்கள். பழகாதவள் ஒருத்திதான். முழிச்சி என்றே அவளுக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். ஜெபம் நடக்கும்போது அவள் கண் கதவு, ஜன்னல், சமையலறை வாசல் என்று சுற்றிக்கொண்டே இருக்கும். கண்ணை மூடிக்கொண்டிருந்தவர்களுக்கு அது எப்படித் தெரிந்தது என்று மட்டும் கேட்கக் கூடாது.

“கண்ண மூடும்மா. ஆண்டவர் பாத்துக்குவாரு,” என்று வீட்டை நடத்தும் பெரியம்மா கொஞ்சியும் பார்த்தார், அதட்டியும் பார்த்தார்.

“அவரும் பாக்கட்டும் பெரியம்மா. நானும் பாத்துக்கறேன்.”

சமையல்காரக்காவுக்குச் சிரிப்பை அடக்க முடியாது.

முழிச்சியின் அப்பன் லாரி ஓட்டுகிறவன். பெண்டாட்டியை இடுப்பெலும்பு உடைய அடித்துப்போட்டுவிட்டு, மாடிப்படியில் விழுந்துவிட்டாள் என்று கூசாமல் சாதித்தான். “நான் பாத்தேன்” என்று போலீஸிடம் சொன்னது இவள்தான். அம்மா தன் தங்கை வீட்டில் படுத்த படுக்கையானாள். அவன் ஜெயிலுக்குப் போனான், இவள் இங்கே வந்து சேர்ந்தாள். வெளியே வந்ததும் ஞாயிறு தவறாமல் விடுதிக்கு வந்து, முன்னறையில் முழங்கால் போட்டு ஓவென்று அழுதான். அழுகிற மனிதனைப் பார்த்தால் பெரியம்மா மெழுகாக உருகிவிடுவார். முன்னறையைத் தாண்டி ஆம்பளைகளை விடக் கூடாது என்று சட்டம் போட்டவரும் அவரேதான்.

“மகளோட ஒரு வேளை உக்காந்து சாப்பிடணும்மா. வேற ஒண்ணும் கேக்கல,” என்றான்.

“அழுதா போதும், சாவியவே தூக்கிக் குடுத்துருவீங்க,” என்று சமையல்காரக்கா முணுமுணுத்தாள்.

“மன்னிக்கத் தெரியலன்னா இந்த வீடு எதுக்கு?” என்றார் பெரியம்மா. அதை மனதாரத்தான் சொன்னார்.

அடுத்த ஞாயிறு சாப்பாட்டு மேசையில் அவனை மகளுக்கு எதிரே உட்கார வைத்தார். முழிச்சியின் முகத்தில் ரத்தமே இல்லை. பெரியம்மா அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். “பாரு, அப்பாவே கண்ண மூடிட்டாரு. இன்னைக்கு ஒரு நாள், எனக்காக.” சொன்னதோடு விடவில்லை. தன் உள்ளங்கையால் அவள் கண்களைப் பொத்தி, தன் கண்ணையும் மூடிக்கொண்டு ஜெபத்தை ஆரம்பித்தார். உள்ளங்கைக்குள் இமைகள் படபடவென்று அடித்துக்கொண்டன. போகப் போக அடங்கிவிடும் என்று நினைத்தார், பாவி மனுஷி.

நாற்காலி உருண்டு விழுந்தது.

“பாத்தேன்னு சொன்ன கண்ணு எதுடி?”

பெல்ட்டின் இரும்புக் கொக்கி பெரியம்மாவின் புறங்கையில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் அவருக்கே கேட்டது. கை தானாக விலகியது. அடுத்த அடி பிள்ளையின் காதைக் கிழித்தது. மேசை கவிழ்ந்தது. தட்டுகளுக்கு நடுவே அவளை முடியைப் பிடித்துத் தரையில் இழுத்தான். குறுக்கே விழுந்த பெரியம்மாவின் விலாவில் பூட்ஸ் காலால் மிதித்தான், மறுபடியும் மிதித்தான். பிள்ளைகள் கத்திக்கொண்டு சுவரோடு ஒட்டினார்கள். முழிச்சி மட்டும் கத்தவில்லை. இழுத்த கையைக் கடித்தாள், வாயில் ரத்தம் வரும்வரை விடாமல் கடித்தாள். சமையல்காரக்கா இரும்புக் கரண்டியோடு ஓடிவந்து அவன் மண்டையில் போட்டாள். அவன் விழுந்த பிறகும் போட்டாள். “போதும், செத்துருவான்!” என்று பெரியம்மா அலறவேண்டியதாயிற்று.

போலீஸ் அவனை ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு போனது.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பெரியம்மாவின் கை முழங்கைவரை மாவுக்கட்டில் இருந்தது. முழிச்சிக்குக் காதில் தையல்.

“பெரியம்மா கை மட்டும் குறுக்க இல்லன்னா உன் கண்ணே போயிருக்கும், தெரியுமா?” என்றாள் சமையல்காரக்கா.

முழிச்சி கட்டுப்போட்ட கையைப் பார்த்தாள். “பெல்ட்டக் கையில சுத்துனா அடிக்கப் போறாருன்னு எனக்குத் தெரியும். பாத்திருந்தா ஓடியிருப்பேன்,” என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

 மன்னிச்சிரும்மா என்று சொல்லப் பெரியம்மா வாய் எடுத்தார். அந்த வார்த்தையைச் சொல்லவே பயமாக இருந்தது.

அன்றைய சாப்பாட்டுக்கு முழிச்சி தன் தட்டை எடுத்துக்கொண்டு போய், சுவரில் முதுகு சாய, கதவைப் பார்த்தபடி தரையில் உட்கார்ந்தாள். பெரியம்மா ஒற்றைக் கையால் தன் தட்டைத் தூக்கிக்கொண்டு போய், விலாவைப் பிடித்தபடி அவள் பக்கத்தில் சம்மணமிட்டார். அவள் நகர்ந்து இடம் விடவில்லை. எழுந்து போகவும் இல்லை.

“நீயே ஜெபம் பண்ணு,” என்றார் சமையல்காரக்காவிடம்.

அவள் கரண்டியைக் கீழே வைக்காமலே ஆரம்பித்தாள். பிள்ளைகள் கண்ணை மூடினார்கள். காற்றில் கதவுத் தாழ்ப்பாள் லேசாக ஆடியது. பெரியம்மாவும் முழிச்சியும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.